முடக்குவாதம்: மருந்து இருக்கிறது, வழி எங்கே?

காலை ஐந்தரை மணி. வாசல் தெளித்தாகிவிட்டது. கோலப் பொடிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அந்த அம்மாள் குனிகிறார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இணைந்தால்தான் பொடி இழையாக இறங்கும். இன்று விரல்கள் இணைய மறுக்கின்றன. கணுக்கள் வீங்கி, தொட்டால் சுடுகின்றன. பொடி கொத்தாகக் கொட்டுகிறது. நாலு புள்ளி வைப்பதற்குள் கண்ணில் நீர் வந்துவிடுகிறது.

உள்ளே போனால் ஈரத் துணியைப் பிழிய முடியவில்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. பத்து மணி ஆனதும் விரல்கள் சற்று இளகுகின்றன. சமையல் நடக்கிறது. "காலையில் முடியவில்லை என்றாயே, இப்போது நன்றாகத்தானே இருக்கிறாய்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

இந்த அம்மாளின் பெயர் எதுவாகவும் இருக்கலாம். ஊர் எதுவாகவும் இருக்கலாம். இவரைப் போன்றவர்கள் பல்லாயிரம் வீடுகளில் இருக்கிறார்கள். இவரைப் பிடித்திருப்பது முடக்குவாதம்.

இதற்கு மருந்து இல்லையா? இருக்கிறது. விலை எட்டாததா? முதலில் கொடுக்கும் மருந்து மலிவானதே. அப்படியிருந்தும் விரல்கள் கோணிப்போவது ஏன்? மருந்துக்கும் நோயாளிக்கும் நடுவே உள்ள தூரம்தான் காரணம்.

எல்லாம் வாதம்தானா?

நம் நாட்டில் "வாதம்" என்ற ஒரே சொல்லுக்குள் பல வியாதிகள் அடைபட்டுக் கிடக்கின்றன. கை கால் விழுந்துவிட்டால் பக்கவாதம். குழந்தையின் கால் சூம்பினால் இளம்பிள்ளைவாதம். வயதானவரின் முழங்கால் தேய்ந்தாலும் வாதம்தான். இவையெல்லாம் வெவ்வேறு நோய்கள். காரணமும் வேறு, சிகிச்சையும் வேறு.

முடக்குவாதம் தேய்மானத்தால் வருவதல்ல. வெளியிலிருந்து வரும் கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் பாதுகாப்புச் சக்தி, தவறிப்போய்ச் சொந்த உடலையே தாக்கத் தொடங்குகிறது. வேலியே பயிரை மேய்கிற கதைதான். மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு அழற்சி கண்டு தடிக்கிறது. நாளடைவில் அது பக்கத்திலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துவிடுகிறது.

பெரும்பாலும் கைவிரல்கள், மணிக்கட்டு, கால்விரல்கள் ஆகிய சிறு மூட்டுகளில் இது ஆரம்பிக்கும். அநேகமாக இரு கைகளிலும் ஒரே விதமாக வரும். காலையில் எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் விறைப்பு இருக்கும். அசைய அசையக் குறையும். இலேசான காய்ச்சல், பசியின்மை, ரத்தசோகை, சொல்ல முடியாத களைப்பு ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். கவனிக்காமல் விட்டால் கண், நுரையீரல், இருதயம் ஆகியவற்றையும் இந்த வியாதி தொடக்கூடும்.

2019-ம் ஆண்டில் உலகில் சுமார் 1 கோடியே 80 லட்சம் பேர் முடக்குவாதத்துடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் சுமார் 70 சதவீதம் பெண்கள். வட இந்தியாவில் கிராம மக்களிடையே நடத்தப்பட்டு 1993-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, வயது வந்தவர்களில் 0.75 சதவீதத்தினருக்கு இது இருப்பதாகக் கண்டது. அந்தக் கணக்குப்படி பார்த்தால், இருபதாயிரம் பெரியவர்கள் வசிக்கும் ஓர் ஊரில் நூற்றைம்பது பேர் இருப்பார்கள். அவர்களில் எத்தனை பேருக்குத் தம் வியாதியின் பெயர் தெரியும்?

நழுவும் மூன்று மாதம்

வீக்கம் கண்ட முதல் வாரத்தில் அந்த அம்மாள் என்ன செய்கிறார்? "வாயுப் பிடிப்பாக இருக்கும், பூண்டைச் சுட்டுச் சாப்பிடு" என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டம்மாள் தைலம் கொடுக்கிறார். அடுத்த மாதம் மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்குகிறார். விழுங்கியவுடன் வலி குறைகிறது. மாத்திரை தீர்ந்ததும் திரும்பி வருகிறது.

தமிழ்நாட்டில் இன்னொரு குழப்பமும் உண்டு. 2006-ம் ஆண்டில் சிக்குன்குனியா காய்ச்சல் பல மாவட்டங்களில் பரவியது. காய்ச்சல் விட்ட பிறகும் மாதக் கணக்கில் மூட்டு வலி நீடித்தவர்கள் அநேகர். அதிலிருந்து எந்த மூட்டு வலி வந்தாலும் "அந்தக் காய்ச்சலின் மிச்சம், தானாகப் போய்விடும்" என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். காத்திருக்கிற ஒவ்வொரு மாதமும் முடக்குவாதக்காரருக்கு நஷ்டம்.

ஏனென்றால், இந்த நோயில் ஆரம்ப மாதங்கள்தான் பொன்னான காலம். மூட்டு வீங்கியவரை ஆறு வாரத்துக்குள் நிபுணர் பார்க்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் நோயின் போக்கை மாற்றும் மருந்தைத் தொடங்க வேண்டும் என்று ஐரோப்பிய நிபுணர்கள் வகுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக்குள் மருந்து தொடங்கினால் மூட்டுகளைப் பெருமளவு காப்பாற்றலாம். எலும்பு அரித்த பிறகு கொடுத்தால் மேலும் அரிக்காமல் தடுக்கலாம். அரித்ததைத் திருப்பித் தர முடியாது.

டாக்டரிடம் போனாலும் தாமதம் தீர்வதில்லை. ரத்தத்தில் "ருமட்டாய்டு காரணி" இருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள். நோய் உள்ள சிலருக்கு அது தென்படாது; நோயே இல்லாத சிலருக்குத் தென்படும். "ரத்தத்தில் ஒன்றும் இல்லை, போய் வாருங்கள்" என்ற வார்த்தையை நம்பி ஓராண்டு கழித்து வருபவர்களும் உண்டு. விரல்களைத் தொட்டுப் பார்த்து, காலை விறைப்பு எத்தனை நேரம் என்று கேட்பதும் பரிசோதனைதான். அதற்குச் செலவில்லை. பத்து நிமிடம் வேண்டும். கூட்டம் நிறைந்த வெளிநோயாளர் பிரிவில் அந்தப் பத்து நிமிடம்தான் கிடைப்பதில்லை.

இந்த நோய்க்கென்றே படித்த மூட்டுவாத நிபுணர்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான் இருக்கிறார்கள். எலும்பு டாக்டரைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். முறிந்த எலும்பைச் சேர்ப்பதும், தேய்ந்த மூட்டை மாற்றுவதும் அவருடைய வித்தை. உடலின் பாதுகாப்புச் சக்தியை அடக்கி நடத்தும் வைத்தியம் வேறு.

அன்று கண்ட அற்புதம்

இதற்குத் தக்க சிகிச்சை இல்லாத காலம் ஒன்று இருந்தது. பிரெஞ்சு ஓவியர் ரெனுவாருக்கு ஐம்பது வயதையொட்டி இந்த வியாதி தொடங்கியது. விரல்கள் மடங்கி உள்ளங்கையில் பதிந்தன. பிறர் தூரிகையை எடுத்துக் கையில் செருகிவிட, சக்கர நாற்காலியில் அமர்ந்து அவர் வரைந்தார். 1919-ல் இறக்கும் வரையில் வரைவதை நிறுத்தவில்லை. புகழும் பணமும் இருந்தும் அவருடைய மூட்டுகளைக் காக்கும் மருந்து அப்போது எங்குமே இல்லை.

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டாக்டர் பிலிப் ஹென்ச், நடமாட முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்குக் கார்ட்டிசோன் என்ற மருந்தை ஊசி மூலம் செலுத்தினார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். ஒரு வாரத்தில் கடைவீதிக்கே போய்வந்தார். உலகம் வியந்தது. 1950-ல் ஹென்சுக்கும் அவருடன் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அற்புதம் நீடிக்கவில்லை. தொடர்ந்து அதிக அளவில் கொடுத்தபோது முகம் உப்பியது, எலும்பு மெலிந்தது, வேறு தொல்லைகளும் வந்தன. இன்றைய ஸ்டிராய்டு மாத்திரைகள் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. டாக்டர் சொல்லும் அளவில், சொல்லும் காலம் வரையில் அவை பெரிய உதவி. டாக்டரைக் கேட்காமல் வருஷக் கணக்கில் விழுங்கினாலோ, பெயர் எழுதாத பொட்டலத்தில் கலந்து வந்தாலோ ஆபத்து. தானாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. நமது ஊர்களில் "ஒரே நாளில் வலி போக்கும்" பொடிகளைத் தேடி ஓடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சென்னையில் படித்தவர் தந்த மருந்து

இன்று உலகெங்கும் முடக்குவாதத்துக்கு முதலில் கொடுக்கப்படும் மருந்து மெதோட்ரெக்ஸேட். இதன் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு.

பீமவரத்தில் 1895-ல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பிறகு அமெரிக்கா சென்று, லெடர்லே ஆராய்ச்சிச் சாலையில் பெரும் பணி செய்தார். போலிக் அமிலம் என்ற உயிர்ச்சத்தைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியை 1940-களில் அவருடைய குழுவினர் கண்டனர். அந்தச் சத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகளும் அங்கே பிறந்தன. அவற்றில் ஒன்றே மெதோட்ரெக்ஸேட். முதலில் அது புற்றுநோய்க்கே பயன்பட்டது. சுப்பாராவ் 1948-ல் காலமானார். மூட்டு நோயாளிகளுக்கு அது உதவப்போவதை அவர் பார்க்கவில்லை.

அதே வகையைச் சேர்ந்த மருந்து ஒன்றை 1951-லேயே முடக்குவாதக்காரர்களுக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள். கார்ட்டிசோனின் புகழில் அந்தச் செய்தி மறைந்துபோயிற்று. வாரம் ஒரு முறை சிறிதளவு கொடுக்கும் முறையை 1980-களில் நன்கு சோதித்த பிறகு, 1988-ல்தான் அமெரிக்க அரசு முடக்குவாதத்துக்கு இதை அனுமதித்தது. இன்று நோயாளிகள் மெதோட்ரெக்ஸேட்டும், அதன் தொல்லைகளைக் குறைக்கப் போலிக் அமிலமும் சேர்த்தே சாப்பிடுகிறார்கள். இரண்டும் சுப்பாராவின் ஆராய்ச்சிச் சாலையோடு சம்பந்தப்பட்டவை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் மெதோட்ரெக்ஸேட் இடம் பெற்றிருக்கிறது.

அவர் படித்த கல்லூரியைச் சேர்ந்த சென்னை அரசு பொது மருத்துவமனையில் இன்று மூட்டுவாத நோய்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. தூரத்துக் கிராமத்திலிருந்து அங்கே வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். துணைக்கு வருபவரும் தம் கூலியை இழக்க வேண்டும். மருந்து இலவசமாகக் கிடைத்தாலும் பஸ் இலவசமாக வீட்டு வாசலுக்கு வருவதில்லை.

சீட்டு எழுதினால் போதுமா?

இந்த மருந்தைச் சாப்பிடுவதற்குச் சில விவரங்கள் தெரிந்தாக வேண்டும். அவற்றை உட்கார்ந்து எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

முதலாவது, இது தினமும் சாப்பிடும் மருந்தல்ல. வாரத்துக்கு ஒரு நாள்தான். காலை, இரவு என்று மாத்திரை விழுங்கிப் பழகியவர்கள் தவறாகத் தினமும் சாப்பிட்டால் வாய் புண்ணாகும், ரத்த அணுக்கள் குறையும், உயிருக்கே ஆபத்து நேரலாம். "வாரம் ஒரு முறை" என்று எழுதுவதைவிட "வெள்ளிக்கிழமை" என்று கிழமையைக் குறித்துக் கொடுப்பது நல்லது.

இரண்டாவது, வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை பிடிக்கும். வலி மாத்திரை ஒரு மணி நேரத்தில் பலன் காட்டும், இது காட்டாது. இதைச் சொல்லாமல் அனுப்பினால், "இது கேட்கவில்லை" என்று மூன்றாவது வாரமே நிறுத்திவிடுவார்கள்.

மூன்றாவது, குறிப்பிட்ட காலங்களில் ரத்தப் பரிசோதனை செய்து கல்லீரலையும் ரத்த அணுக்களையும் கவனிக்க வேண்டும். மருந்தின் விலையைவிடப் பரிசோதனைக்கும் பிரயாணத்துக்கும் ஆகும் செலவே சிலருக்கு அதிகமாகிவிடுகிறது.

சில நோயாளிகளுக்கு இந்த மருந்து மட்டும் போதாது. லண்டனில் 1992-ல், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் பெல்ட்மனும் புதிய வகைச் சிகிச்சையைச் சோதித்து வெற்றி கண்டார்கள். அழற்சியைத் தூண்டும் ஒரு புரதத்தை மட்டும் குறிவைத்துத் தடுக்கும் ஊசி அது. இந்தியாவில் இவ்வகை ஊசி ஒன்றின் மலிவுப் பிரதி 2014-ல் வந்தது. மலிவு என்றாலும், மாதச் சம்பளக்காரருக்கே அது பாரம்தான். மேலும், உடலில் உறங்கும் காசநோய்க் கிருமியை அது எழுப்பிவிடக்கூடும். முன்னதாகப் பரிசோதித்த பிறகே போட வேண்டும்.

வழக்கமாகக் கிடைத்த மருந்தே திடீரென்று மறைந்த காலமும் உண்டு. 2020-ல் கோவிட் நோய்க்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் உதவும் என்ற பேச்சு எழுந்ததும் கடைகளில் அது தட்டுப்பட்டது. கோவிடுக்கு அது பலன் தரவில்லை என்பது பின்னர் நிரூபணமாயிற்று. இடையில், முடக்குவாதத்துக்காக வருஷக் கணக்கில் அதைச் சாப்பிட்டு வந்தவர்கள் கடை கடையாக அலைந்தார்கள்.

கேட்கப்படாத கேள்விகள்

மணமாகப்போகும் பெண்ணுக்கு இந்த நோய் இருந்தால் வீட்டில் மறைத்துவிடுகிறார்கள். மணமான பின் மாத்திரையை ஒளித்துவைத்துச் சாப்பிடுகிறாள், அல்லது விட்டுவிடுகிறாள். மெதோட்ரெக்ஸேட் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யும். கருத்தரிப்பதற்குச் சில மாதங்கள் முன்பே டாக்டரின் யோசனைப்படி அதை நிறுத்த வேண்டும். அந்தக் காலத்தில் சாப்பிடக்கூடிய வேறு மருந்துகள் இருக்கின்றன. பலருக்குக் கர்ப்ப காலத்தில் வலி குறைந்து, பிரசவத்துக்குப் பின் திரும்பும். கைக்குழந்தையைத் தூக்க வேண்டிய வேளையில் மணிக்கட்டு வீங்கிவிடும். இதையெல்லாம் முன்கூட்டியே பேசினால் தாயாவதற்கு முடக்குவாதம் தடையல்ல. ஆனால் அவளாகக் கேட்கக் கூசுகிறாள், டாக்டருக்கோ நேரமில்லை.

களைப்பு இன்னொன்று. வீக்கம் கண்ணுக்குத் தெரியும், களைப்பு தெரியாது. "சோம்பேறி" என்ற பட்டம்தான் கிடைக்கும். ஓயாத வலியில் மனம் சோர்ந்து போகிறவர்களும் பலர். அதைப் பற்றி விசாரிப்பவர்கள் குறைவு.

கைத்தொழில் பழக்குநர்கள் செய்யக்கூடிய சிறு உதவிகள் எத்தனையோ உண்டு. கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கலாம். திருகு குழாய்க்குப் பதில் தள்ளித் திறக்கும் குழாய் வைக்கலாம். குடத்தை விரலால் பற்றாமல் இடுப்பிலோ முன்கையிலோ தாங்கலாம். இரவில் மணிக்கட்டுக்கு அணை கட்டலாம். இவற்றால் ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வே மாறும். வீக்கம் தணிந்த வேளையில் செய்யும் பயிற்சியும் அவசியம். மருந்துச் சீட்டில் இவை ஏறுவதில்லை.

சட்டத்தின் கண்ணில்

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. முடக்குவாதம் அதில் தனிப் பெயராக இல்லை. கை கால் இயக்கக் குறைபாடு என்ற தலைப்பில்தான் சான்றிதழ் கோர வேண்டும். முக்கியமான பல சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு இருக்க வேண்டும். மூட்டு கோணிய பிறகு அளந்து சொல்வது எளிது. காலையில் முடங்கி மாலையில் நிமிரும் விரலை எப்படி அளப்பது? தையல் இயந்திரத்தின் முன் அமரும் பெண்ணுக்கு விரல் கோணுவதற்கு முன்பே அல்லவா உதவி வேண்டும்? பணி நேரத்தை ஒரு மணி தள்ளி வைத்தால் அவளுக்கு வேலை நிலைக்கும். அதற்கு எந்தச் சான்றிதழும் இல்லை.

தொற்றா நோய்களுக்காக மத்திய அரசு 2010-ல் தொடங்கிய தேசியத் திட்டம் புற்றுநோய், நீரிழிவு, இருதய நோய், பக்கவாதம் ஆகியவற்றை முன்வைத்தே தொடங்கியது. இவை உயிரைப் பறிப்பவை, முன்னுரிமை நியாயமே. முடக்குவாதம் ஒரே நாளில் கொல்வதில்லை. ஆகவே அது வரிசையில் பின்னே நிற்கிறது.

செய்யக்கூடியவை

பெரிய ஆஸ்பத்திரிகள் கட்டித்தான் இதைத் தீர்க்க வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடி மாத்திரை போகிறது. இயன்முறைப் பயிற்சியும் போகிறது. வீடு வீடாகச் செல்லும் அந்தப் பணியாளர்கள் கூடவே மூன்று கேள்விகள் கேட்கலாம். ஆறு வாரமாக விரல் மூட்டு வீங்கியிருக்கிறதா? காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நீடிக்கிறதா? கையை மெல்ல அழுத்தினால் விரல் அடிக்கணுக்கள் வலிக்கின்றனவா? ஆம் என்றால் உடனே மேலே அனுப்பலாம்.

நிபுணர் நகரத்தில் மருந்தைத் தீர்மானித்த பிறகு, மாதாந்தர ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைத்தால் ஒரு நாள் கூலி மிஞ்சும். எந்தக் கிழமை சாப்பிட வேண்டும், எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்பதை ஒரு நர்ஸ் சொல்லிக் கொடுத்தால் பாதிப் பேர் மருந்தை நடுவில் விடமாட்டார்கள்.

குடும்பத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. அதற்குச் செலவே இல்லை. வீட்டில் ஒருவர் காலையில் விரல் மடங்கவில்லை என்று சொன்னால், பத்து மணிக்கு மடங்கிய விரலைப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். காலையிலேயே அந்தக் கையைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதா, வீங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். அன்றே டாக்டரிடம் கூட்டிச் செல்லுங்கள். அந்த அம்மாளுக்கு முதலில் வேண்டியது, அவர் சொல்வதை நம்பும் ஒருவர். மருந்தெல்லாம் அதற்குப் பிறகுதான்.